வாங்கிய வீட்டில் பழுதான பொய்லர்: யாரிடம் கேட்பது? எதைக் கொண்டு கேட்பது?

பொய்லர் என்றதும் நம் நாட்டவருக்கு நினைவுக்கு வருவது அரிசி ஆலையும் ஆடைத் தொழிற்சாலையும்தான். வீட்டுக்குள் பொய்லர் இருப்பது நமக்குப் பழக்கமில்லாத விடயம். ஆனால் இங்கிலாந்தில் அது இல்லாமல் குளிர்காலத்தைக் கழிப்பது கடினம். அங்குள்ள பெரும்பாலான வீடுகளில் சமையலறையின் ஒரு மூலையிலோ அலுமாரி ஒன்றுக்குள்ளோ சுவரில் தொங்கும் ஒரு பெட்டிதான் பொய்லர். அது எரிவாயுவை எரித்து நீரைச் சூடாக்கி, குழாய்கள் வழியாக அறைகளிலுள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகின்றது. குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்குமான சுடுநீரும் அதிலிருந்தே வருகின்றது. பெயர்தான் பொய்லரே தவிர, அது நீரைக் கொதிக்க வைப்பதில்லை.

நமது வாசகர்களில் பலருடைய பிள்ளைகளும் சகோதரர்களும் அந்நாட்டில் வீடு வாங்குகின்றனர். விலை, பாடசாலை, பள்ளிவாசலுக்கு உள்ள தூரம் என எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பொய்லரைப் பற்றி விசாரிப்பவர் குறைவு. குடியேறிய சில நாட்களில் அது நின்றுவிட்டால் யாரிடம் கேட்பது, எதைக் கொண்டு கேட்பது என்பது இவ்வாரப் பாடம். பொய்லர் இதில் ஓர் உதாரணமே. பாவித்த பொருள் எதையும் பெருந்தொகை கொடுத்து வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதில் படிப்பினை உண்டு.

ஒரு கொள்வனவின் கதை

எனது மைத்துனர் ஒருவர் 2023 ஜனவரியில் வடமேற்கு லண்டனில் மூன்று அறைகளுள்ள வீடொன்றை வாங்கிக் குடியேறினார். அந்நாட்களில் நானும் அங்கு தங்கியிருந்தேன். கணக்கு வழக்குகளைப் பார்ப்பது எனது தொழில் என்பதால் கடிதங்களும் பற்றுச்சீட்டுகளும் என் கைக்கு வந்தன. அதனால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நேரில் பார்க்கக் கிடைத்தது.

குடியேறிய மூன்றாம் நாள் காலையில் பொய்லர் நின்றுவிட்டது. வெளியே கடும் குளிர். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. மைத்துனருக்கு வந்த கோபத்தைச் சொல்லத் தேவையில்லை.

"மச்சான், வீட்டை வித்தவருக்கு இப்பவே கோல் எடுக்கப் போறன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. கோல் எடுத்தா எதைக் காட்டிப் பேசுவீங்க?" என்று கேட்டேன்.

அவரிடம் பதில் இருக்கவில்லை. என்ன பழுது, எப்போது வந்த பழுது, விற்றவருக்கு அது தெரியுமா என்ற மூன்றில் ஒன்றும் அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரியாது. கோபத்தில் பேசும் ஒரு தொலைபேசி அழைப்பு, எதிர்த்தரப்பை எச்சரிக்கை அடையச் செய்வதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

அயலவர் ஒருவரின் சிபாரிசில் வந்த ஒருவர், பெட்டியைத் திறந்து பாராமலேயே "புதிது போட வேண்டும், 3,000 ஸ்டேர்லிங் பவுண் ஆகும்" என்றார். அவரை நன்றி கூறி அனுப்பி வைத்தோம். இரண்டு மின்சார ஹீட்டர்களை வாங்கிக் குழந்தையின் அறையைச் சூடாக்கினோம். அதன் பிறகுதான் வேலையை ஒழுங்காக ஆரம்பித்தோம்.

முதலில் உயிர், பிறகு பணம்

எரிவாயு சம்பந்தப்பட்ட எந்தப் பழுதிலும் முதற்கேள்வி ஆபத்து உண்டா என்பதே. எரிவாயு மணம் வந்தால் ஜன்னல்களையும் கதவுகளையும் திறந்து, மீட்டருக்கு அருகிலுள்ள பிடியை மூடிவிட வேண்டும். மின்சுவிட்ச் எதையும் தொடக்கூடாது. வீட்டை விட்டு வெளியே வந்து 0800 111 999 என்ற அவசர இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். இது இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றது.

மணமே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. எரிவாயு சரியாக எரியாதபோது உருவாகும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமோ மணமோ கிடையாது. நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக எரிவது, பெட்டியைச் சுற்றிக் கரி படிவது, வீட்டில் இருக்கும்போது தலைவலியும் தலைச்சுற்றலும் வந்து வெளியே போனதும் குறைவது ஆகியன அதன் அறிகுறிகள். அதற்கான எச்சரிக்கைக் கருவி விலை குறைந்தது. புதிய வீட்டுக்கு வாங்கும் முதற்பொருள் அதுவாக இருக்கட்டும்.

வீட்டுக்காரரே பார்க்கக்கூடியவை

ஆபத்து இல்லையென்று தெரிந்தால், பணம் கொடுத்து ஆளை அழைக்கும் முன் சிலவற்றை நாமே பார்க்கலாம். பெட்டியின் முன்பக்கத்தில் அழுத்தமானி இருக்கும். பொய்லர் ஆறியிருக்கும் வேளையில் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் பல பொய்லர்கள் தாமாகவே நின்றுவிடும். கைநூலைப் பார்த்து நீரை நிரப்பிக் கொள்ளலாம். ஆனால் நிரப்பிய நீர் சில நாட்களில் மீண்டும் குறைந்தால் எங்கோ கசிவு உண்டென்று பொருள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 ஏப்ரல் முதல் பொருத்தப்படும் எரிவாயு பொய்லர்கள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தவை. அவ்வாறு குளிர்ந்த நீர் வெளியேற ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாய் இருக்கும். கடும் குளிரில் வீட்டுக்கு வெளியேயுள்ள பகுதி உறைந்து அடைபட்டுவிடும். அதன் மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் போதும். கொதிநீர் ஊற்றக்கூடாது. இந்தச் சிறு விடயம் தெரியாமல் ஆளை அழைத்துப் பணம் கொடுப்போர் ஏராளம்.

ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிராக இருந்தால் உள்ளே காற்று நிற்கின்றது. அதற்குரிய சாவியால் காற்றைத் திறந்து விடலாம். கீழ்ப்பகுதி குளிராக இருந்தால் இரும்புத்துரு சேறாகப் படிந்திருக்கலாம். ரேடியேட்டர் சுட்டு, குழாய்நீர் மட்டும் சுடாவிட்டால் பழுது வேறிடத்தில். இவற்றைத் திகதியுடன் எழுதி வைப்பது, வருபவரின் நேரத்தையும் நமது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

ஆனால் எரிவாயு எரியும் பகுதியை நாம் திறக்கக்கூடாது. பிரித்தானியாவில் கூலிக்கு எரிவாயு வேலை செய்பவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2009 ஏப்ரல் 1ஆம் திகதி இது கோர்கி என்ற பழைய பதிவின் இடத்தைப் பிடித்தது. பதிவு பெற்றவரிடம் புகைப்படத்துடன் கூடிய அட்டை இருக்கும். அதன் பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யத் தகுதி பெற்றவர் என்ற விபரம் இருக்கும். அட்டையைக் கேட்டுப் பார்ப்பது மரியாதைக் குறைவல்ல.

பழுதைக் கண்டறிவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை

எனது மைத்துனருக்கு நான் சொன்ன ஆலோசனை இதுதான். பழுது என்னவென்று எழுத்தில் தருவதற்கு மட்டும் ஒருவருக்குக் கட்டணம் கொடுங்கள். திருத்துவதா மாற்றுவதா என்பதை அதன் பிறகு தீர்மானிக்கலாம். "புதிது போடுங்கள்" என்று சொல்வதால் இலாபம் அடையும் ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் வைத்து 3,000 பவுண் செலவழிப்பது வியாபாரமாகாது.

பதிவு பெற்ற ஒருவர் வந்தார். ஒரு மணித்தியாலம் பரிசோதித்தார். நீரைச் சூடாக்கும் பிரதான பாகம் கசிந்து, அழுத்தம் இறங்கியதால் பொய்லர் நின்றிருந்தது. கசிவின் கறை பழையது, சில நாட்களில் வந்ததல்ல என்றும் அறிக்கையில் எழுதினார். கையொப்பமும் பதிவிலக்கமும் இட்டார்.

அவர் எங்களுக்கு இன்னொன்றையும் தந்தார். பொய்லருக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் உறையில் கைநூல் இருந்தது. அதற்குள் மடித்து வைத்த சேர்விஸ் தாள் ஒன்று. திகதி 2022 ஒக்டோபர். 'பிரதான பாகத்தில் கசிவு. மாற்றுவது நல்லது. வீட்டுக்காரருக்குச் சொல்லப்பட்டது' என்று இன்னொரு திருத்துநர் அதில் எழுதியிருந்தார்.

அந்தத் தாள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

சட்டம் யார் பக்கம்?

இங்கிலாந்தில் வீட்டு விற்பனையின் பொதுவிதி, வாங்குபவரே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதாகும். கடையில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல, தனிநபர் ஒருவரிடம் வாங்கிய வீட்டிலுள்ள பொய்லரைத் திருப்பிக் கொடுக்க முடியாது. வீட்டை அது இருக்கும் நிலையில் ஏற்றுக்கொள்வதாகவே ஒப்பந்தம் சொல்கின்றது. வாடகைக்கு விடுபவர் வருடாந்தம் எரிவாயுப் பாதுகாப்புப் பரிசோதனை செய்தாக வேண்டும். விற்பவருக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது.

நம்மவர் பலர் இங்கே தவறாக விளங்கிக் கொள்கின்றனர். இலங்கையில் காணி, வீடு விற்பனைக்கு உரோமன் டச்சுச் சட்டக் கோட்பாடுகள் பொருந்துகின்றன. அதில் மறைந்த குறைபாட்டுக்கு விற்றவர் பொறுப்பாகும் நிலை உண்டு. அந்த நினைவோடு லண்டனுக்குப் போய் உரிமை பேச முடியாது. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் வேறு.

எனினும் ஒரு வாசல் திறந்திருக்கின்றது. விற்பவர் மௌனமாக இருக்கலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் சொல்லக்கூடாது. அங்கு விற்பனையின்போது சட்டத்தரணிகள் சங்கத்தின் டீஏ6 என்ற தகவல் படிவத்தை விற்பவர் நிரப்பிக் கொடுப்பது வழக்கம். மைத்துனர் பெற்ற படிவத்தில் வெப்பமூட்டும் அமைப்பு எப்போது பொருத்தப்பட்டது, நல்ல இயங்கு நிலையில் உள்ளதா, கடைசியாக எந்த வருடம் சேர்விஸ் செய்யப்பட்டது என்ற கேள்விகள் இருந்தன. அறிக்கையின் பிரதியை இணைக்குமாறும் கேட்கப்பட்டிருந்தது. 2022 நவம்பரில் விற்பவர் கொடுத்த பதில்: 'நல்ல நிலையில் உள்ளது. இவ்வருடம் சேர்விஸ் செய்யப்பட்டது.' பிரதி இணைக்கப்படவில்லை. மைத்துனரின் சட்டத்தரணி அதைக் கேட்டு வாங்கவுமில்லை.

ஒக்டோபரில் கசிவு என்று சொல்லப்பட்டவர் நவம்பரில் நல்ல நிலை என்று எழுதியிருக்கின்றார். இதற்குத்தான் 1967ஆம் ஆண்டின் தவறான கூற்றுச் சட்டம் இருக்கின்றது. ஒருவரின் பொய்யான கூற்றை நம்பி ஒப்பந்தம் செய்து நட்டப்பட்டவர் நட்டஈடு கோரலாம். கூற்று பொய்யென்று காட்டப்பட்டால், அதை உண்மையென நம்பத் தமக்கு நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு கூறியவரையே சேரும். இது வாங்கியவருக்குப் பெரிய பலம்.

அந்தச் சேர்விஸ் தாள் கிடைக்காதிருந்தால் எங்கள் நிலை மிகப் பலவீனமாக இருந்திருக்கும். பழைய பொய்லர் எந்த நாளும் நிற்கலாம். விற்ற மறுநாள் நின்றது என்பது மாத்திரம் விற்றவர் பொய் சொன்னார் என்பதற்கு ஆதாரமாகாது. இதை நேர்மையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம்

பாகத்தை மாற்றித் திருத்த 780 பவுண். பொய்லருக்கு வயது பன்னிரண்டு. புதியது பொருத்த 2,450 பவுண். நட்டஈட்டின் நோக்கம் பழையதற்குப் பதிலாகப் புதியதை வாங்கித் தருவதல்ல. பன்னிரண்டு வருடப் பொய்லருடன் வீடு வாங்கியவர், புதிய பொய்லரின் முழு விலையையும் எதிர்பார்க்க முடியாது. எனவே புதியதைப் பொருத்துவது மைத்துனரின் சொந்தத் தீர்மானம் என்றும், விற்றவரிடம் கேட்பது திருத்தச் செலவும் பரிசோதனைக் கட்டணமும் மாத்திரமே என்றும் முடிவெடுத்தோம்.

வழக்குக்காகப் பொய்லரை அப்படியே போட்டு வைத்துக் குளிரில் இருக்க வேண்டியதில்லை. நட்டத்தை இயன்றளவு குறைத்துக் கொள்வதையே சட்டமும் எதிர்பார்க்கின்றது. ஆனால் திருத்தும் முன் ஆதாரத்தைப் பாதுகாக்க வேண்டும். நாங்கள் படங்கள் எடுத்தோம். இரண்டு பேரிடம் எழுத்தில் விலை பெற்றோம். விற்றவரின் சட்டத்தரணிக்கு அறிவித்து, விரும்பினால் வந்து பார்வையிட ஐந்து நாட்கள் கொடுத்தோம். கழற்றிய பாகத்தை எறியாமல் வைத்துக் கொண்டோம்.

பிறகு ஒரு கடிதம். கோபமான ஒரு சொல்லும் அதில் இல்லை. படிவத்தில் எழுதப்பட்டது, சேர்விஸ் தாளில் இருப்பது, புதிய அறிக்கை சொல்வது, கோரும் தொகை, பதிலுக்கான திகதி ஆகிய ஐந்து விடயங்கள் மட்டுமே. இங்கிலாந்தில் 10,000 பவுண் வரையான இத்தகைய கோரிக்கைகள் சிறு கோரிக்கை முறையில் விசாரிக்கப்படுகின்றன. வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கு செல்லலாம். ஆனால் வழக்கறிஞர் வைத்தால், வென்றாலும் அவருடைய கட்டணத்தைப் பொதுவாகத் திரும்பப் பெற முடியாது. 850 பவுணுக்காக 1,500 பவுண் செலவழித்து வெல்வது தோல்வியே.

விற்றவரின் தரப்பு முதலில் மறுத்தது. சேர்விஸ் தாளின் பிரதியை அனுப்பிய பின் மறுப்பு நின்றது. ஆறு வாரங்களில் 650 பவுண் தருவதாகச் சொன்னார்கள். மைத்துனருக்கு முழுத் தொகையும் வேண்டும் என்ற எண்ணம். மீதி 200 பவுணுக்காக நீதிமன்றக் கட்டணத்தையும் ஒரு வருட மனஉளைச்சலையும் விலையாகக் கொடுப்பதா என்று கேட்டேன். ஏற்றுக்கொண்டு விடயத்தை முடித்தார்.

புதியது பொருத்தும்போது

புதிய பொய்லரைப் பொருத்தும்போதும் இதே ஒழுங்கு வேண்டும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வேலையை நியாயமான கவனத்துடனும் திறமையுடனும் செய்வது பொருத்துபவரின் கடமை. பொருத்திய பொய்லர் பற்றி முப்பது நாட்களுக்குள் அறிவிக்கப்பட்டு, கட்டட விதிமுறைச் சான்றிதழ் தபாலில் வர வேண்டும். வராவிட்டால் கேட்டு வாங்க வேண்டும். நாளை வீட்டை விற்கும்போது அதைக் கேட்பார்கள். தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் பெரும்பாலும் வருடாந்த சேர்விஸ் செய்தால் மட்டுமே செல்லும். சேர்விஸைத் தவறவிட்டால் பத்து வருட உத்தரவாதம் வெறும் கடதாசிதான்.

பழுதான பிறகு பொய்லர் காப்புறுதி எடுப்பதும் பயன் தராது. முன்பே இருந்த பழுதுக்கு அவை பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. எடுத்த முதல் சில நாட்களுக்கும் கோரிக்கை செய்ய முடியாதவாறு நிபந்தனை இருப்பது வழக்கம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

இத்தனை அலைச்சலையும் ஒரு கடிதத்தால் தவிர்த்திருக்கலாம். ஒப்பந்தங்கள் பரிமாறப்படும் வரை வாங்குபவர் சுதந்திரமானவர். விலையைக் குறைக்கக் கேட்கலாம், விலகியும் போகலாம். பரிமாறிய பின், பொதுவாகப் பத்து வீத முற்பணமும் கட்டிய பின், அந்தப் பலம் போய்விடும். ஆகவே அதற்கு முன்:

1. பொய்லரின் வயதைக் கேளுங்கள். அதன் தொடரிலக்கத்தைக் குறித்துத் தயாரிப்பாளரிடம் விசாரித்தால் உண்மையான வயதும் உத்தரவாத நிலையும் தெரியவரும்.

2. கடைசி சேர்விஸ் அறிக்கையின் பிரதியை எழுத்தில் கேளுங்கள். 'ஆம்' என்ற பதிலோடு திருப்தியடைய வேண்டாம்.

3. 2005 ஏப்ரலுக்குப் பின் பொருத்தப்பட்டிருந்தால் அதற்கான சான்றிதழைக் கேளுங்கள்.

4. வீட்டைப் பார்க்கச் செல்லும்போது, கோடை காலமாக இருந்தாலும், பொய்லரை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். எல்லா ரேடியேட்டர்களையும் தொட்டுப் பாருங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள்.

5. சர்வேயரின் அறிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். அவர் கண்ணால் பார்ப்பவர். பொய்லரைப் பரிசோதிப்பது அவருடைய வேலையல்ல. பதிவு பெற்ற திருத்துநர் ஒருவரைத் தனியாக அனுப்பும் செலவு, வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

6. விற்பவராக இருந்தால், தெரிந்த பழுதைத் தெரிந்தபடியே எழுதுங்கள். பழுதைச் சொல்லி விற்பவர் விலையில் கொஞ்சம் இழப்பார். மறைத்து விற்பவரைத் தேடி அந்தப் பழுது பின்னால் வரும். இங்கிலாந்தில் இத்தகைய கோரிக்கைக்கு ஆறு வருட கால அவகாசம் உண்டு.

நம் சமூகத்தில் வாய்ப்பேச்சில் நம்பிக்கை வைத்து நடக்கும் கொடுக்கல் வாங்கல் அதிகம். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் நம்பிக்கைக்கு உரியவர் தம் சொல்லை எழுத்தில் தரத் தயங்கமாட்டார். எழுத்தில் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது, நாளை இருவருக்கும் இடையே பிணக்கு வராமல் காப்பதாகும். லண்டனில் வீடு வாங்குபவருக்கும் கொழும்பில் பாவித்த வாகனம் வாங்குபவருக்கும் இது பொருந்தும். கையொப்பமிடும் முன் கேளுங்கள். பழுது வந்தால், திருத்தும் முன் பதிவு செய்யுங்கள். கேட்கும் தொகையை, அதைப் பெற ஆகும் செலவோடு நிறுத்துப் பாருங்கள். இந்த மூன்றையும் செய்பவர் நட்டப்பட்டாலும் சிறிதளவே நட்டப்படுவார்.